பந்தை யார் கொண்டுவருவது? நமது கூடைப்பந்துக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை மாலை திடலின் அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டிய தாளைப் படித்தேன். மே மாத மின்னொளிப் போட்டிக்கு வெளியூரிலிருந்து இரண்டு உயரமான விருந்தாளி ஆட்டக்காரர்களை அழைப்பது என்பது முதல் தீர்மானம். "வயது, உயரம், முழங்கால் காயம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு" நம் ஊர்ப் பாயிண்ட் கார்டின், அதாவது பந்தைக் கொண்டுவந்து மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஆட்டக்காரரின், விண்ணப்பத்தை நிராகரிப்பது என்பது இரண்டாவது. முதல் தீர்மானத்துக்கு அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதற்கு ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்குழுவில் எனக்கு நாற்காலி கிடையாது, ஸ்கோர் மேசையில் மட்டும்தான் உண்டு. ஆகவே எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதிவிடுகிறேன்.

பகலில் நான் அரிசி ஆலையில் கணக்கு எழுதுபவன். 1997 முதல் நம் கழகத்தின் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதுகிறேன். முதல் பகுதிக்கும் மூன்றாம் பகுதிக்கும் சிவப்புப் பேனா, இரண்டுக்கும் நான்குக்கும் நீலம். கூடை விழுந்தால் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு, ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு கரும்புள்ளி, மூன்று புள்ளி என்றால் போட்டவரின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். இவற்றோடு ஃபவுலும் டைம் அவுட்டும் அந்தத் தாளில் ஏறும். எத்தனை முறை பந்தைத் தொலைத்தோம் என்று எழுத அதில் இடமே கிடையாது. ஆலையில் வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்டால் முதலாளி என்னை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கழகத்திலோ இத்தனை ஆண்டுகளாக வரவுக் கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டு முடிவெடுக்கிறோம். அந்தச் செலவுக் கணக்கை நான் தனியாக ஒரு நோட்டில் குறித்துவருகிறேன். ஆட்டத்தின் நடுவே அதற்கு எங்கே நேரம் என்று கேட்பார்கள். ஒரு கோடு கிழிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் எழுதுவது சொந்தக்காரனுக்காக என்று யாரும் எண்ண வேண்டாம். அந்த ஆட்டக்காரர் எனக்கு உறவில்லை. இப்போது நம் அணியில் பாயிண்ட் கார்டாக ஆடும் பையன்தான் என் அக்காள் மகன். நான் கேட்பது நடந்தால் பெஞ்சுக்குப் போகப்போவது அவன்தான். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.

போன ஆண்டு அரையிறுதியை நீங்கள் அனைவரும் முன்வரிசை நாற்காலிகளில் அமர்ந்து பார்த்தீர்கள். இடைவேளையில் நாம் 38, அவர்கள் 29. ஒன்பது புள்ளி முன்னிலை. விருந்தாளிகள் இருவரும் வளையத்தின் அடியில் நன்றாகவே ஆடியிருந்தார்கள். அதற்குள் செயலாளர் இறுதி ஆட்டத்துக்கு மேளக்காரருக்குச் சொல்லிவிட்டார் என்று மேசையில் பேச்சு வந்தது. மூன்றாம் பகுதி தொடங்கியதும் எதிரணிப் பயிற்சியாளர் எழுந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். முழுத் திடல் பிரஸ், அதாவது திடல் முழுவதும் மடக்கி நெருக்குவது. நாம் பந்தை உள்ளே போடும் இடத்திலேயே வந்து நின்றுகொண்டார்கள்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு என் நோட்டில் பதினொரு கோடுகள் இருக்கின்றன. பதினொன்றும் நடுக்கோட்டைத் தாண்டுவதற்கு முன்பே தொலைந்த பந்துகள். அதில் மூன்று முறை, நடுக்கோட்டைத் தாண்டுவதற்கான எட்டு விநாடி முடிந்து நடுவர் விசில் ஊதினார். மற்ற எட்டும் கையிலிருந்து பறித்துக்கொண்டு போனவை, அல்லது பதற்றத்தில் கோட்டுக்கு வெளியே வீசியவை. அந்தப் பகுதியில் அவர்கள் போட்டது 24, நாம் போட்டது 7. ஆறடி நான்கங்குல விருந்தாளி அந்தப் பத்து நிமிடத்தில் வளையத்தை நோக்கி எறிந்தது ஒரே ஒரு பந்து. அவர் மேல் குற்றமில்லை. கையை உயர்த்திக்கொண்டு நின்றார், பந்து வரவில்லை. கடைசியில் 58க்கு 67 என்று தோற்றோம். முன்னிலையாக இருந்த ஒன்பதும் தோல்வியாக முடிந்த ஒன்பதும் ஒரே தாளில், இரண்டும் நீலத்தில், ஒன்றின் கீழ் ஒன்றாக, என் கையெழுத்தில் இருக்கின்றன.

ஆட்டம் முடிந்து விளக்குகளை அணைத்த பிறகு என் அக்காள் மகன் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே இருந்தான். போதும் வா என்று தோளைத் தொட்டேன். "மாமா, பந்து கைக்கு வந்தாலே பயமாக இருக்கிறது" என்றான். பதினெட்டு வயது. அவன் பந்தை எறிவதில் கெட்டிக்காரன். ஓரத்தில் நிறுத்தி, சரியான நேரத்தில் பந்தைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுவான். அவனை நாம் பாயிண்ட் கார்டாக்கியதற்கு ஒரே காரணம், அணியிலேயே அவன்தான் குள்ளம் என்பது. குள்ளமாக இருப்பவன் பந்தைக் கொண்டுவர வேண்டும் என்று யார் எழுதிவைத்தார்கள் என்று தெரியவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை. மேட்டூரில் 120 அடி நிறைந்து நிற்கிறது என்று செய்தித்தாளில் படம் வரும். ஜூன் 12 அன்று மதகைத் திறந்து பூத்தூவுவார்கள். நீடாமங்கலத்துக்கு அந்தப் பக்கம் மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது. அங்கே எந்த மதகை எவ்வளவு தூக்குகிறார்கள், கிளை வாய்க்கால் தூர்வாரியிருக்கிறதா, முறை வைத்து விடுபவர் விழித்திருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் நம் வயலில் தண்ணீர் ஏறும். கடைமடைக்காரன் அணையின் உயரத்தை நம்பி நாற்றுவிட மாட்டான். நம் கழகம் ஒவ்வோர் ஆண்டும் அதைத்தான் செய்கிறது. மேட்டூரைப் போல உயரமான இரண்டு பேரைக் காசு கொடுத்துக் கொண்டுவந்து வளையத்தடியில் நிறுத்துகிறோம். வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. அதைத் திறந்துவிடத் தெரிந்த ஆள் நம் ஊரிலேயே, நம் திடலிலேயே, காலை ஐந்தரை மணிக்கு வந்து நிற்கிறார். அவருக்குத்தான் ஒன்றரை வரி எழுதியிருக்கிறீர்கள்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எல்லோருக்கும் தெரியும். சென்னையில் ஒரு துறை அணியில் ஒப்பந்த ஆட்டக்காரராக இருந்தார். 2022இல் முழங்கால் தசைநாரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. விடுவிப்புக் கடிதத்தோடு ஊருக்குத் திரும்பினார். இப்போது அப்பாவின் மூன்று மா நிலத்தையும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையையும் பார்த்துக்கொள்கிறார். எந்த அணிக்கும் அவர் கட்டுப்பட்டவர் அல்ல. வயது 31.

தை மாதத்திலிருந்து நான் காலையில் திடலுக்குப் போகிறேன். சர்க்கரை இருக்கிறது, நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு சுற்று நடந்துவிட்டுப் படியில் உட்கார்ந்து அவர் ஆடுவதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. துள்ளல் போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன். இருபத்திரண்டு வயதில் அவர் மன்னார்குடி பஸ் வளைவில் திரும்புவதுபோல் சாய்ந்து உள்ளே நுழைந்து லே அப் போடுவாரே, அது இனி இல்லை. இடது காலை ஊன்றித் திரும்பும்போது ஒரு கணம் யோசிக்கிறார். ஆனால் பந்து கைக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பித் திடல் முழுவதையும் பார்த்துவிடுகிறார். இரண்டு பேர் மடக்க வரும்போது நம் பையன்கள் மூலையை நோக்கி ஓடுவார்கள், மூலைதான் பொறி. அவர் ஓடுவதில்லை. இருவரும் தன்னிடம் வரும்வரை நிற்கிறார். வந்து சேர்வதற்கு அரைக் கணம் முன்பு பந்து அவரிடம் இருப்பதில்லை. இருவர் ஒருவரிடம் வந்துவிட்டால் வேறெங்கோ ஒருவன் தனியாக நிற்கிறான் என்றுதானே அர்த்தம். சின்னக் கணக்குதான், அதை அவசரமில்லாமல் போடுவதற்கு ஒரு மனம் வேண்டியிருக்கிறது.

பொங்கல் விடுமுறையில் நம் பையன்கள் இரண்டு பிரிவாக ஆடிய பயிற்சி ஆட்டத்துக்கு நோட்டையும் எடுத்துப்போனேன். ஒரு பிரிவை முழுத் திடல் பிரஸ் செய்யச் சொன்னேன். அவர் இல்லாமல் பத்து நிமிடம், ஏழு கோடுகள். அவரை உள்ளே விட்டுப் பத்து நிமிடம், இரண்டு கோடுகள். அந்த இரண்டில் ஒன்று அவர் கொடுத்த பந்தை எதிர்பார்க்காமல் என் அக்காள் மகன் மூக்கில் வாங்கிக்கொண்டது. அடுத்த முறை பிடித்தான். ஓரத்திலிருந்து மூன்று புள்ளி போட்டான். திரும்பி ஓடும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். போன மே மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து ஆடியது அன்றுதான். ஒரே ஒரு பயிற்சி ஆட்டத்தை வைத்து ஊரை விலைக்கு வாங்க முடியாது என்பீர்கள். சரி. அதனால்தான் இன்னும் பத்து ஆட்டம் ஆட விட்டுப் பாருங்கள் என்கிறேன்.

கூடைப்பந்தை 1891இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் உருவாக்கியபோது வகுத்த 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது என்பதே கிடையாது. பந்தைப் பிடித்தவன் பிடித்த இடத்திலிருந்தே அடுத்தவனுக்கு எறிய வேண்டும். ஆட்டம் பிறந்ததே பந்தைக் கைமாற்றுவதற்காக. தட்டி ஓடும் டிரிபிளும் தாவலும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. நம் விண்ணப்பப் படிவத்தில் உயரத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது, கைமாற்றுவதற்குக் கட்டம் இல்லை.

இனி உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

வயது என்கிறீர்கள். 2017 ஜூலையில் பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியின் இரண்டாம் பிரிவை இந்தியப் பெண்கள் அணி வென்றது. அந்த அணியில் ஆடியவர் நம் தமிழ்நாட்டு அனிதா பால்துரை. அப்போது அவருக்கு 32 வயது, ஒரு குழந்தைக்குத் தாய். பின்னர் 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நாட்டுக்கு ஆட 32 வயது தடையில்லை. நம் ஊர் மின்னொளிப் போட்டிக்கு 31 தடையாம்.

உயரம் என்கிறீர்கள். அவர் ஐந்தடி ஏழங்குலம். அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்பிஏவில் மக்ஸி போக்ஸ் என்பவர் ஐந்தடி மூன்றங்குலத்தோடு 14 பருவங்கள் பாயிண்ட் கார்டாக ஆடியிருக்கிறார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

முழங்கால்தான் நியாயமான கேள்வி. அதை நான் தள்ளிவிடவில்லை. நாற்பது நிமிடமும் அவரால் ஆட முடியாது. அடுத்தடுத்து ஐந்து நாள் ஆடினால் மூன்றாம் நாள் வீங்கும், அவரே சொன்னார். நமக்குத் தேவையும் நாற்பது நிமிடம் அல்ல. எதிரணி பிரஸ் செய்யும் நிமிடங்கள்தான். என் நோட்டை வைத்துச் சொன்னால் ஓர் ஆட்டத்துக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். மீதி நேரம் பையன்கள் ஆடட்டும், அவர் பெஞ்சிலிருந்து கத்தட்டும்.

அதே என்பிஏவில் 2004இல் ஸ்டீவ் நாஷ் என்ற பாயிண்ட் கார்டுக்கு 30 வயது. டல்லஸ் மாவரிக்ஸ் அணியோடு ஒப்பந்தம் முடிந்து, யாருக்கும் கட்டுப்படாமல் நின்றார். வயது ஏறுகிறது, முதுகுவலி வேறு, இவருக்கு எதற்கு நீண்ட ஒப்பந்தம் என்று டல்லஸ் தயங்கியது. ஃபீனிக்ஸ் சன்ஸ் தயங்கவில்லை. முந்தைய பருவத்தின் 82 ஆட்டங்களில் 29 மட்டும் வென்றிருந்த ஃபீனிக்ஸ், அவர் வந்த பருவத்தில் 62 வென்றது. லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் அவருக்கே போனது. அவர் தனியாளாக வென்றார் என்று சொல்ல வரவில்லை. அமாரே ஸ்டௌடமயரும் ஷான் மேரியனும் அவருக்கு முன்பே அங்கே இருந்தார்கள். உயரம் இருந்தது, ஓட்டம் இருந்தது. பாயிண்ட் கார்டை மட்டும் பருவத்தின் நடுவிலேயே வேறோர் அணிக்குக் கொடுத்துவிட்டு நின்றார்கள். இருந்ததற்கெல்லாம் வழி திறந்துவிட ஓர் ஆள் வந்தார், அவ்வளவுதான். நம் திடலின் சிமெண்ட் தரையையும் ஃபீனிக்ஸையும் ஒப்பிடுகிறானே என்று பொருளாளர் சிரிப்பார் என்று தெரியும். சிரிக்கட்டும். வளையம் அங்கேயும் பத்தடி, இங்கேயும் பத்தடி.

இவை தாளில் எழுதிய காரணங்கள். எழுதாத காரணத்தையும் பேசிவிடலாம்.

2016இல் நம் ஊர் இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை, அவருக்குச் சென்னையிலிருந்து கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று இருந்தது. போய்விட்டார். சனிக்கிழமை நாம் தோற்றோம். அடுத்த கூட்டத்தில் "கழகத்தைக் கைவிட்டுச் சென்றமைக்காக" என்று ஒரு கண்டனத் தீர்மானம் போட்டீர்கள். அந்தத் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதியது நான். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டார்கள், எழுதினேன். இருபத்திரண்டு வயதுப் பையன் மாதச் சம்பளம் வரும் இடத்துக்குப் போகாமல் நம் வெள்ளிக் கோப்பைக்காக நின்றிருக்க வேண்டும் என்று அன்று எனக்கும் தோன்றியது. இன்று வெட்கமாக இருக்கிறது. அவரிடமிருந்து நமக்கு ஒப்பந்தமும் கிடையாது, நாம் அவருக்கு ஒரு ரூபாய் கொடுத்ததும் கிடையாது. அமெரிக்காவிலேயே ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரனைப் பழைய அணி கட்டிப்போட்டு வைத்திருந்தது. ஆஸ்கார் ராபர்ட்சன், அவரும் பாயிண்ட் கார்டுதான், ஆட்டக்காரர் சங்கத்தின் சார்பில் 1970இல் வழக்குப் போட்டார். 1976இல் சமரசமாகி அந்தக் கட்டு தளர்ந்தது. நம் பதிவேட்டில் அது இன்னும் தளரவில்லை.

கைவிட்டுப் போனவர் என்கிறீர்களே, 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்ததே, அதற்கு மூன்றாம் நாள் இந்தத் திடலுக்கு முதலில் வந்தது யார்? தெற்கு விளக்குக் கம்பம் தென்னை மரத்தோடு சேர்ந்து வளையத்தின் மேல் கிடந்தது. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. அவரவர் வீட்டு ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும்தான். சென்னையிலிருந்து லாரியில் தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு தன் அணித் தோழர்கள் நான்கு பேரோடு வந்தார். தெருத் தெருவாகக் கொடுத்து முடித்துவிட்டு, அரிவாளும் ரம்பமும் வாங்கி வந்து மரத்தை வெட்டி அகற்றினார்கள். போகும்போது அவர்கள் அணி கழித்துப்போட்ட ஆறு பந்துகளை விட்டுச் சென்றார். இரண்டாண்டு அந்தப் பந்துகளில்தான் நம் சிறுவர்கள் பழகினார்கள். அதற்காக எந்தத் தீர்மானமும் பதிவேட்டில் இல்லை. நானே தேடிப் பார்த்தேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், கணக்குப்பிள்ளை அதை விட்டுவிட முடியாது. போன ஆண்டு இரண்டு விருந்தாளிகளுக்கு ஐந்து நாளைக்கு ஆட்டக் கூலி, அறை வாடகை, சாப்பாடு, ரயில் டிக்கெட் எல்லாம் சேர்த்து 64,000 ரூபாய் ஆனது. பில்கள் என் வழியாகத்தான் போயின. இவர் தன் விண்ணப்பத்தில் கேட்டிருப்பது ஓர் ஆட்டத்துக்கு 1,500. இறுதி ஆட்டம் வரை போய் ஐந்து ஆட்டம் ஆடினாலும் 7,500. அறை வேண்டாம், வீடு இருக்கிறது. சாப்பாடு அம்மா போடுவார். நெட்டையான ஆட்களோடு நின்று படம் எடுத்துக்கொள்வது நன்கொடையாளர்களுக்குப் பிடிக்கிறது, கூட்டமும் கூடுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. நன்கொடையாளர்களில் என் முதலாளியும் ஒருவர், நாளைக் காலை அவர் முகத்தில்தான் விழிக்க வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அரையிறுதியில் மூன்றாம் பகுதி முடிவதற்குள் அந்தக் கூட்டத்தில் பாதி எழுந்து பஸ் பிடிக்கப் போய்விட்டது என்பதையும் மேசையிலிருந்து பார்த்தேன். சுண்டல் விற்றவரே கடையைக் கட்டிவிட்டார்.

விருந்தாளி ஆறாம் நாள் ரயில் ஏறிவிடுவார். அவர் தெரிந்துவைத்திருப்பதும் அவரோடு போய்விடும். இவர் ஜூன் மாதமும் இங்கேதான் இருப்பார், குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டு, காலையில் பையன்களுக்குப் பந்து எறிந்துகொண்டு. பந்தே இல்லாமல் ஆட வைத்துப் பழக்குகிறார் அவர், பார்த்திருக்கிறீர்களா? பந்தைப் பிடுங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டு, ஐந்து பேரும் ஓடுங்கள், பந்து இருப்பதாக நினைத்து யாருக்குக் கொடுப்பீர்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்கிறார். முதல் வாரம் பையன்கள் வாயைத் திறக்கவே கூச்சப்பட்டார்கள். இப்போது அவர்கள் கத்துவது ஆற்றின் அக்கரை வரை கேட்கிறது. உளுந்து பறிக்க வரும் பெண்கள் வரப்பில் நின்று சிரித்துவிட்டுப் போகிறார்கள்.

ஆகவே நான் கேட்பவை இவை. இரண்டாவது தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். ஏப்ரல் 20 அன்று போட்டிக்குப் பெயர்ப் பட்டியல் கொடுக்க வேண்டும், அதற்கு முன்பு ஒரு சிறப்புக் கூட்டம் போட்டு அவரை நேரில் அழைத்துப் பேசுங்கள். விண்ணப்பம் எழுதியவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டுக் கேட்காமல் முடிவெடுப்பது ஆலையில்கூட நடக்காது.

முழங்காலைப் பற்றி நானும் முடிவு சொல்ல வேண்டாம், நீங்களும் சொல்ல வேண்டாம். தஞ்சாவூரில் எலும்பு மருத்துவர் ஒருவரிடம் அனுப்பிச் சான்று வாங்குங்கள். செலவில் பாதி என்னுடையது. ஆட வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் இந்த மடலைக் கிழித்துப்போட்டுவிடுகிறேன். ஆடலாம் என்று சொன்னால், ஆட்டத்துக்கு ஆட்டம் என்ற கணக்கில், இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் இறக்குவதில்லை என்ற நிபந்தனையோடு, எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களில் இரண்டு பேரைப் பாயிண்ட் கார்டுகளாகத் தயார்செய்வது அவர் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். அதற்குத் தனியாக ஒரு தொகை கொடுங்கள், இலவசமாகச் செய்யச் சொல்லாதீர்கள். விருந்தாளிகளில் ஒருவர் போதும். இரண்டாமவருக்கு முன்பணம் இன்னும் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

2016ஆம் ஆண்டுத் தீர்மானத்தை ரத்துசெய்து பதிவேட்டில் எழுதுங்கள். அதை நானே எழுதித் தருகிறேன். அழித்துவிட வேண்டாம், கீழே எழுதினால் போதும்.

என் அக்காள் மகனுக்கு ஒரு வேண்டுகோள், அவன் கேட்கச் சொல்லவில்லை, நானாகக் கேட்கிறேன். அவனை ஓரத்தில் ஆட விடுங்கள்.

பெயர்ப் பட்டியல் படிவத்தில் பன்னிரண்டு வரிகள் இருக்கின்றன. போன ஆண்டும் அதற்கு முந்தைய ஆண்டும் அதை நிரப்பியதுபோல இந்த ஆண்டும் என்னிடம்தான் கொடுத்திருக்கிறீர்கள். பத்துப் பெயர்களை எழுதிவிட்டேன். பதினொன்றாவது வரி ஒரு விருந்தாளிக்கு. பன்னிரண்டாவதை வெறுமையாக வைத்திருக்கிறேன். ஏப்ரல் 19 இரவு எட்டு மணி வரை ஆலை அலுவலகத்தில் இருப்பேன். பேனாவும் நோட்டும் மேசை மேலேயே இருக்கும், வந்து புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
கழகத்தின் ஸ்கோரர்
பாமணி ஆற்றங்கரைத் திடல்